பகலில் குரைக்கிற நாய்

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். எங்கள் நாய் கடித்திருந்தால்கூட ஒரு நாளோடு போயிருக்கும். கடி வாங்கியவர் திட்டித் தீர்த்திருப்பார், புண்ணும் ஆறியிருக்கும். அது குரைத்தது. காலையில் என் கணவர் வேலைக்குக் கிளம்பியதும் ஆரம்பித்தால் பொழுது சாய்கிறவரை விட்டு விட்டுக் குரைத்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒற்றைப் பலகைச் சுவர்தான். அந்தச் சுவருக்கு அப்பால் இருந்தவர் என்ஜின் டிரைவர். இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர்.

நாய் எங்களுக்குக் கிள்ளானில் கிடைத்தது. என் கணவர் அங்கே ரயில்வே சரக்குக் கொட்டகையில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்தார். கொட்டகைக்கு அடியில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றைக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மை மாதிரி கறுப்பு. என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் ‘டேய்’ என்பதே அதற்குப் பெயராகிவிட்டது. தெருவில் நின்று நான் ‘டேய்’ என்றால் போகிற வருகிற ஆம்பிளைகள் நாலு பேர் முறைப்பார்கள், நாய் மட்டும் ஓடி வரும். அப்போது எங்களுக்குக் குழந்தை இல்லை. காலையில் அவர் போனால் மாலைவரை என் பேச்சைக் கேட்கிற ஜீவன் அது ஒன்றுதான். எனக்கு அதன் மேல் உயிர். இதைச் சொல்ல வெட்கப்பட்டு என்ன ஆகப் போகிறது?

கிள்ளானில் அதன் குரைப்பு யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. மாட்டு வண்டியும் மூட்டை இறக்குகிறவர்கள் போடும் கூச்சலுமாக நாள் முழுக்க இரைச்சல்தான். மாற்றலாகிக் கோலாலம்பூருக்கு வந்தபோது ரயிலின் கார்டு பெட்டியில் அதையும் ஏற்றிக்கொண்டு வந்தோம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசை பகலில் அடங்கிக் கிடக்கும். அங்கேதான் நாயின் தொண்டை எவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

டிரைவர் முதலில் மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் சுவரில் குத்தினார். கடைசியில் குவாட்டர்ஸ் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லிவிட்டார். மேற்பார்வையாளர் வந்தார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், நாய் அவரையும் பார்த்துக் குரைத்தது. மாசக் கடைசியில் மறுபடி வருவேன், அப்போதும் டிரைவர் புகார் சொன்னால் நாய் இங்கே இருக்கக் கூடாது என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனார். எங்கே கொண்டுபோய் விடுவது என்பது எங்கள் பாடு. அந்தக் காலத்தில் ஊருக்குள் கேட்பாரில்லாமல் திரிகிற நாயைச் சுடுவதற்கென்றே துப்பாக்கியோடு ஆள் வருவான். குவாட்டர்ஸை விட்டு வெளியே போனால் எங்கள் நாயின் கதி அதுதான் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் சோறு பொங்கவில்லை.

வைத்தியம் ஆரம்பமாயிற்று. என் கணவர் ஒரு ரோத்தான் வாங்கி வந்தார். அவர் பிரம்பை எடுத்தால் நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடும். அவர் வேலைக்குப் போன பிறகு சேர்த்து வைத்துக் குரைக்கும். அடித்ததில் அது கற்றுக்கொண்டதெல்லாம் அவர் இருக்கும்போது குரைக்கக் கூடாது என்பதைத்தான். கொய்யா மரத்தில் கட்டிப் போட்டேன். ஓடியாடிச் செலவாகிற சக்தியெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. ‘சும்மா இரு’ என்று நான் கத்தினால் அது இன்னும் உற்சாகமாகக் குரைத்தது. வீட்டுக்காரியும் கூடச் சேர்ந்து குரைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டது போல.

வரிசையில் இருந்த பெண்களுக்கு இதெல்லாம் கண்ணேறு. உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்கள். நெடியில் நாங்கள் எல்லாரும் தும்மினோம், நாய் தும்மிவிட்டுக் குரைத்தது. கார்டு வீட்டு அம்மா கோவிலிலிருந்து ஒரு தாயத்து மந்திரித்து வாங்கி வந்து அதன் கழுத்தில் கட்டினார். மறுநாள் காலையில் கயிறு மட்டும் கிடந்தது. தாயத்தை அது தின்றுவிட்டது.

எதைச் செய்தாலும் நடக்கவில்லை என்றான பிறகு, செய்வதை நிறுத்திவிட்டு வெறுமனே பார்க்க ஆரம்பித்தேன். நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு நாய் எங்கே போகிறது, எப்போது குரைக்கிறது, குரைத்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்தேன். இரண்டு மூன்று நாளிலேயே விஷயம் வெளிச்சமாகிவிட்டது.

எங்கள் வரிசையில் பாதி வீட்டுக்கு ஏழரைச் சனி. கறுப்பு நாய்க்கு எள்ளுச் சோறு போட்டால் சனியின் பிடி தளரும் என்று கோவிலில் சொல்லியிருந்தார்கள். அந்த வட்டாரத்தில் ஒரு வெள்ளை முடிகூட இல்லாத நாய் எங்களுடையதுதான். ஆக, அத்தனை வீட்டுச் சனிக்கும் எங்கள் வீட்டு நாயே பரிகாரம். சனிக்கிழமையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நாய் பைரவர் வாகனம் ஆயிற்றே. வாகனம் வேலியோரம் நின்று குரைத்தால் பைரவரே பசிக்கிறது என்று கேட்பதாக நினைத்தார்கள். தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வீட்டில் ஒரு தோசை, கார்டு வீட்டில் வறுத்த நெத்திலி, அந்தக் கோடி வீட்டில் பால் சோறு. ஒரு குரைப்புக்கு ஒரு கை வெளியே வரும். கை வரவில்லையென்றால் இன்னும் இரண்டு குரைப்பு. இது நாய்க்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டிரைவர் எழுந்துவிடப் போகிறாரே என்ற பயத்தில், அது குரைக்கும்போதெல்லாம் வாயை அடைக்க ரொட்டித் துண்டை நானே வீசியிருக்கிறேன்.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். குரைக்கும்போது எதுவும் போடாதீர்கள், அது குரைப்பதற்கு நாம்தான் சம்பளம் கொடுக்கிறோம் என்றேன். யார் கேட்டார்கள்? கார்டு வீட்டு அம்மாவுக்கு மகன் பரீட்சையில் தவறிய கவலை. வாகனத்தைப் பட்டினி போட்டால் சனி இன்னும் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்றார். நியாயம் பேசி ஆகாது என்று தெரிந்துபோயிற்று. நானே ஒரு சாஸ்திரம் செய்தேன். குரைக்கிற வாய்க்குப் போடுகிற சோறு பூதங்களுக்குப் போய்விடுமாம், வாகனம் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது கொடுத்தால்தான் பைரவருக்குச் சேருமாம், கிள்ளானில் ஒரு பெரியவர் சொன்னார் என்றேன். எல்லாரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். சாஸ்திரம் என்று வந்ததில் பாதி இப்படி வந்ததாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து அவரவர் பரிகாரத்தை என் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார்கள். நாய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் நான் தட்டில் வைப்பேன். குரைத்தால் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

உடனே அடங்கியது என்று எழுதினால் பொய். முன்னைவிட மோசமாயிற்று. இத்தனை நாள் ஒரு குரைப்புக்குக் கிடைத்தது பத்துக்கும் கிடைக்கவில்லையென்றால் பதினொன்றாவதைக் குரைக்கத்தானே செய்யும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் டிரைவர் கைலியோடு வேலியருகே வந்து நின்றார். கண் இரண்டும் கோவைப்பழம். திட்டப் போகிறார் என்று நானும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு போனேன். சண்டையென்றால் நானும் சளைத்தவள் இல்லை.

அவர் குரலே எழும்பவில்லை. “தங்கச்சி, உங்க நாய் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நேத்து ராத்திரி ரவாங் தாண்டி கண்ணு சொருகிடுச்சு. கரி அள்ளிப் போடுற பயர்மேன்தான் தோளப் புடிச்சு உலுக்குனான். பின்னால பொட்டி பொட்டியா ஜனங்க தூங்கிக்கிட்டு வருது. என்னை நம்பித்தானே தூங்குது?”

எனக்குச் சண்டை மறந்துபோயிற்று. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று மட்டும் சொன்னேன். சரி என்று போய்விட்டார். அவரை அதுவரை முரடர் என்றே நினைத்திருந்தேன்.

அதற்கடுத்த வாரம் நாய் மாறத் தொடங்கியது. குரைத்துப் பார்க்கும், யாரும் வரவில்லையென்றால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். காலையில் குரைப்பில்லை. சாயங்காலம் இல்லை. பாயிண்ட்ஸ்மேன் வீட்டில் பாத்திரம் உருண்டால்கூடக் காதை மட்டும் நிமிர்த்தியது. ஆனால் மத்தியானத்தில், ஊரே அடங்குகிற நேரத்தில், பின்பக்கம் போய் நின்று குரைப்பதை மட்டும் அது விடவில்லை. எனக்கு அழுகையே வந்தது. மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் கண் அசருகிற நேரமும் அதுதான்.

எங்கேயோ ஒரு கை இன்னும் கொடுக்கிறது என்று எனக்குப் பட்டது. கொடுக்காமல் அது தொண்டையைச் செலவழிக்காது. ஒரு நாள் மத்தியானம் கொல்லையில் சேலையை உலர்த்துவதுபோல் கொடிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

டிரைவர் வீட்டுச் சமையற்கட்டுக் கதவு கால்வாசி திறந்தது. அவர் மனைவி வெளியே வந்து வேலியருகே குந்தி உட்கார்ந்தாள். கப்பலேறி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சின்னப் பெண். நாங்கள் அந்தக் குவாட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டால் தலையை ஆட்டுவாள். சரியான கர்வக்காரி என்று என் கணவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் கையில் ஒரு துண்டுக் கருவாடு இருந்தது. அதை நீட்டினாள், கொடுக்கவில்லை. உதட்டை மட்டும் அசைத்து நாயிடம் ஏதோ சொன்னாள். நாய் குரைத்தது. அவள் முகம் மலர்ந்தது. மறுபடி உதட்டை அசைத்தாள், மறுபடி நாய் குரைத்தது. அப்புறம்தான் கருவாட்டைக் கொடுத்தாள்.

எனக்கு வந்த கோபத்தில் தலைகால் தெரியவில்லை. புருஷன் ஒரு பக்கம் புகார் சொல்லி என் நாயைச் சாகடிக்கப் பார்க்கிறான், பெண்டாட்டி ஒரு பக்கம் அதைக் குரைக்க வைத்துக் குளிர்காய்கிறாள். கொடியை விலக்கிக்கொண்டு வந்து வாயைத் திறக்கப் போனேன். அவள் என்னைப் பார்த்ததும் வெளிறிப்போய் உதட்டில் விரலை வைத்தாள். பின்னால் சாக்கடையோரம் துணி துவைக்கிற கல்லைக் காட்டி அங்கே வரச் சொன்னாள்.

கிட்டத்தில் பார்த்தபோதுதான் கவனித்தேன். கை வளையல்களை முழங்கைவரை தள்ளி, ஒன்றோடொன்று இடிக்காமல் துணிக் கிழிசலால் சுற்றிக் கட்டியிருந்தாள். கால் மெட்டிக்கு நூல் சுற்றியிருந்தாள். அந்தக் கல்லருகே நின்றும்கூட அவள் ரகசியக் குரலில்தான் பேசினாள். அங்கிருந்து அவர்கள் வீட்டுக்கு எதுவும் கேட்காது என்றேன். அப்போதும் குரல் உயரவில்லை.

“அவர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா,” என்றாள். “காலைல வந்து அவர் படுத்தா, எந்திரிக்கிற வரைக்கும் நான் வாயத் தொறக்கறதில்ல. தரையில சாக்க விரிச்சு அது மேலதான் நடப்பேன். எந்திரிச்சா குளிப்பாரு, சாப்புடுவாரு, டூட்டிக்குப் போயிருவாரு. ராத்திரி நான் ஒருத்திதான். உங்க நாய் ஒன்னுதான்க்கா நான் வாயசைச்சா பதில் சொல்லுது.”

அழவும் இல்லை அவள். அழுதால் சத்தம் வரும் என்று பழகியிருப்பாள்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். டிரைவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் நாய் பிழைத்துவிடும். புகார் சொல்ல அவருக்கு வாயே இருக்காது. ஆனால் அதற்கப்புறம் அந்தச் சுவருக்கு அப்பால் அந்தப் பெண்ணின் பாடு என்ன? அவர் நல்லவர்தான், இருந்தாலும் தூக்கம் கெட்டவனிடம் நல்ல குணத்தை எதிர்பார்க்க முடியாது. அவளைத் திட்டி நிறுத்தச் சொல்லலாம். நாலு நாள் நிறுத்துவாள், அப்புறம் ஐந்தாம் நாள் கருவாட்டோடு வந்து நிற்பாள். பிரம்பால் நாயே திருந்தவில்லை, இவள் எப்படித் திருந்துவாள்? எனக்கு நாயும் வேண்டும், அவளும் நல்லபடியாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது.

எங்கள் வீடு வரிசையில் கடைசி வீடு. அம்மி அந்தக் கடைசிப் பக்கத்துச் சாய்ப்பில் கிடந்தது. அங்கே இடித்தாலும் அரைத்தாலும் டிரைவர் வீட்டுக்குக் கேட்காது. பகலில் சத்தம் கூடாது என்பதால் அவள் ராத்திரிதான் மசாலா அரைப்பாள் என்பதும், டிரைவர் தினமும் பழைய மசாலாக் குழம்புதான் சாப்பிடுகிறார் என்பதும் எனக்குத் தெரிந்துபோயிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். என் கணவரை விட்டு டிரைவரிடம் சொல்லச் சொன்னேன்: மத்தியானத்தில் உங்கள் வீட்டம்மா எங்கள் அம்மியில் வந்து அரைத்துக்கொண்டு போகட்டும், உங்களுக்கும் தூக்கம் கெடாது, குழம்பும் அன்றைக்கன்றைக்கு வாசனையாக இருக்கும். புருஷன் தூங்குகிற நேரத்தில் பெண்டாட்டி பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்தால் வரிசையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அரைக்கப் போகிறாள் என்றால் யாரும் வாயைத் திறக்க முடியாது. டிரைவர் யோசிக்கவே இல்லை, போகட்டும் என்றாராம்.

முதல் நாள் வந்தாள், மிளகாயை அம்மியில் வைத்தாள், குழவியைத் தொடவே பயந்தாள். நான் குழவியைப் பிடித்து ஒரு இழு இழுத்துக் காட்டினேன். அம்மி கடகடவென்றது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரும் எழவில்லை. அப்புறம் அவள் அரைத்தாள் பாருங்கள், மிளகாய் வெண்ணெயாகிப் போன பிறகும் நிறுத்தவில்லை. நாய் மோப்பம் பிடித்து வந்து ஒரு குரைப்புக் குரைத்தது. அவள் கை மடியில் இருந்த கருவாட்டுப் பக்கம் போயிற்று. நான் ஒரு பார்வை பார்த்தேன். கையை இழுத்துக்கொண்டாள். நாய் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் கால்மாட்டில் படுத்துக்கொண்டது. படுத்த பிறகு கொடு என்றேன்.

இரண்டு மூன்று நாள் ரகசியத்திலேயே பேசினாள். என்ன என்ன என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. காது கேட்காதவள்போல நான் உரக்கக் கேட்க, அவளும் உரக்கச் சொல்ல, மெதுவாகக் குரல் வெளியே வந்தது. வளையல் முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கியது. அதற்கப்புறம் அவள் வாயை மூடியதை நான் பார்க்கவில்லை. ஊரில் விட்டுவந்த ஆட்டுக்குட்டி, கப்பலில் வாந்தியெடுத்தவர்கள், பாசாரில் மீன் விலை, எதையும் விடமாட்டாள். எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. கர்வக்காரி என்று சொன்ன வாயால் வாயாடி என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் சிரிப்பாள்.

மாசக் கடைசியில் மேற்பார்வையாளர் வந்தார். நேரே டிரைவர் வீட்டுக் கதவைத் தட்டினார். டிரைவர் தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்தார். நாய் எப்படி என்று வந்தவர் கேட்டதற்கு, எந்த நாய் என்றாராம் டிரைவர். மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அன்றைக்கு நாய்க்கு ஆட்டெலும்பு வாங்கிப் போட்டேன், சனியில்லாமல், பரிகாரமில்லாமல், என் சந்தோஷத்துக்கு.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து டிரைவருக்கு ஒரு நாள் விடுப்பு. முந்தின இரவு வண்டி ஓட்டாததால் பகலில் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது. மத்தியானம் வெற்றிலை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் வந்தார். நான் முன்னால் பைப்படியில் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். சாய்ப்பில் அவள், எங்களைப் பார்க்க வந்திருந்த என் கணவரின் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள். கப்பலில் ஒரு கிழவர் கடலைப் பார்த்துத் திட்டினதை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுநடுவே அவளே தாங்காமல் விழுந்து விழுந்து சிரித்தாள்.

டிரைவர் நின்று கேட்டார். அவர் முகத்திலும் சிரிப்பு வந்தது.

“யாரு தங்கச்சி உள்ள? ஊருலேருந்து ஆள் வந்துருக்காங்களா?” என்றார்.

கேலி செய்கிறார் என்று நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

“உங்க வீட்டுக்காரம்மாதாண்ணே,” என்றேன்.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. குடம் நிரம்பி வழிவதைக்கூட நான் கவனிக்கவில்லை. உள்ளே அவள் கிழவரை மறுபடியும் பேச வைத்தாள். அவளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறகு குனிந்து காலில் இருந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சரளைக் கல்லில் சத்தம் வராமல் ஒவ்வொரு அடியாக வைத்துத் தன் வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.